இருமச் சொன்னவர்

நோயாளியிடம் "எப்படி இருக்கீக?" என்று அவர் கேட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் நான் கிடந்த பதினொரு நாட்களும், காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அவர் வந்தார். கதவைத் தாண்டியதும் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கட்டிலுக்குப் பின்புறம் வந்து நின்று, சட்டையை உயர்த்தி, முதுகின் இருபுறமும் கைகளை விரித்து வைப்பார். இரண்டு கட்டைவிரல்களும் முதுகெலும்பின்மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். "இழுங்க" என்பார். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது அவ்விரு விரல்களும் எவ்வளவு தூரம் விலகுகின்றன, இரண்டும் சமமாக விலகுகின்றனவா என்று பார்ப்பார். அதற்குப் பிறகே நம் முகத்தைப் பார்ப்பார்.

"வாயக் கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாக," என்று ஒருமுறை சொன்னார். "மூச்சு முட்டிக் கெடக்கவரும் அதத்தான் சொல்லுவாரு. அதக் கேட்டு வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அவருடைய பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை. அனுமதி கேட்டு வைக்கவில்லை என்பது ஒரு காரணம். கேட்டிருந்தாலும், "என் பேரு கெடக்கட்டும், பயிற்சியச் செஞ்சீகளா?" என்றுதான் பதில் வந்திருக்கும் என்பது மற்றொன்று. மருத்துவமனையில் எல்லோரும் அவரைப் 'பிசியோ மேடம்' என்றார்கள். முப்பது வயதைத் தாண்டியிராத, மெலிந்த, உயரம் குறைந்த பெண்மணி. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் வருமாறு கட்டியிருப்பார். படுத்துக் கிடக்கும் மனிதர்களின் நுரையீரலை முழுமையாக விரியவைத்து, விரிந்தது மறுபடி சுருங்காமல் பார்த்துக்கொள்வதே அவருடைய பணி.

என்னைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேதியியலில் பட்டம் பெற்றவன். நாரணாபுரத்துக்கு அருகே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்து, மேலாளராக ஓய்வு பெற்றேன். பட்டாசுக்கான ரசாயனக் கலவையை எங்கள் பகுதியில் மருந்து என்போம். அதைச் சலித்துக் கலக்கும் அறைதான் ஒரு தொழிற்சாலையில் மிக அபாயமான இடம். என் காலத்தில் எங்கள் மருந்து அறையில் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்வதாக எவரேனும் எண்ணினால், ஆம், பெருமைக்காகவே சொல்கிறேன்.

இரைப்பையில் புண் வெடித்து, மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை வயிற்றைத் திறந்து தைத்திருந்தார்கள். தனி அறை கேட்டேன். ஆக்ஸிஜன் குழாய் உள்ள தனி அறை காலியாக இல்லை என்று சொல்லி, திரைச்சீலையால் பிரிக்கப்பட்ட இரண்டு கட்டில்கள் கொண்ட அறையில் போட்டார்கள். இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை என்பதை நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன்.

முதல் நாள் காலை என் முதுகில் கைவைத்தவுடன் அவர் சொன்னது: "வலது பக்கம் அடியில வரல."

வலிக்கு அஞ்சி நான் மேலோட்டமாகச் சுவாசித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சுவாசித்தால் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுப் போகாது, அங்குள்ள நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அதில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும் என்பதை அவர் எனக்கு விளக்கிய விதம் நினைவிருக்கிறது.

"பட்டாசுக் குழாய்க்குச் சுத்துற பேப்பரு ஐயா. பசை ஈரத்தோட ஒண்ணுமேல ஒண்ணு கெடந்தா என்ன ஆகும்?"

"பிடித்துக்கொள்ளும்."

"பிடிச்சாப் பிரிக்க முடியுமா?"

"கிழியும்."

"அம்புட்டுதான். பிடிக்கதுக்கு முன்னாடி பிரிச்சிப் பிரிச்சி வைக்கணும்."

தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அன்றே கையில் ஒரு கருவியைக் கொடுத்தார். ஒளி ஊடுருவும் மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, பக்கத்தில் வாய் வைப்பதற்கு ஒரு வளைந்த குழாய். ஒவ்வொரு மணிக்கும் பத்து முறை என்று சொல்லிவிட்டு, அவசர அழைப்பு வந்து போய்விட்டார். கருவியைக் கண்டால் அதன் தத்துவத்தை நானே அறிந்துகொள்வேன் என்று எண்ணி, எவரிடமும் கேட்காமல் ஊதினேன். பந்துகள் அசையவில்லை. சிறிது யோசித்துக் கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன். மூன்று பந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. மாலையில் அவர் வந்தபோது அதைச் செய்தும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. கருவியை வாங்கி நேராக்கி என் கையில் வைத்தார்.

"இது ஊதுறதுக்கு இல்லய்யா, உறிஞ்சுறதுக்கு. இளநீயில குழாய் போட்டு உறிஞ்சுற மாதிரி. ஆனா நீங்க மட்டும் இல்ல, நம்ம பக்கத்து ஆளுக எல்லாருமே மொதல்ல ஊதத்தான் செய்யிறாக. கையில இருக்க தூசிய ஊதி, பலகையில இருக்க தூசிய ஊதி, ஊதியே பழகின வாயி. உள்ள இழுக்கச் சொன்னா பயப்படும்."

உறிஞ்சியபோது ஒரு பந்து பாதி எழுந்து விழுந்தது. என் பட்டப் படிப்பு அந்தப் பந்தை அதற்கு மேல் தூக்கவில்லை.

மறுநாள் முதல் நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். மணி வாரியாகக் கட்டம் போட்டு, பயிற்சி செய்தவுடன் அதில் ஒரு கோடு. வலி மிகுந்த நேரங்களில் பயிற்சியைத் தள்ளிப்போட்டு, கோட்டை மட்டும் முன்கூட்டியே போட்டேன் என்பதை இப்போது மறைப்பதற்கில்லை. மாலையில் அவர் வந்ததும் குறிப்பேட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கருவியின் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குழாய் காஞ்சு கெடக்கு," என்றார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறர் எழுதிய பதிவேடுகளைச் சரிபார்த்தவன் நான். அந்த மூன்று சொற்களுக்குப் பிறகு குறிப்பேட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அவருக்கு இந்தப் பழக்கம் மருத்துவமனைக்கு வெளியிலும் இருந்தது. நாரணாபுரத்திலிருந்து சிவகாசி வந்து, அங்கிருந்து விருதுநகருக்குத் தினமும் பேருந்தில் வருவார். அந்தப் பேருந்தின் நடத்துநர் சில வாரங்களாக விசிலை நீட்டி ஊத முடியாமல் பாதியில் நிறுத்துவதை இவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் இறங்கும்போது, "அண்ணே, விசில் குறையுது. மார்புல ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க," என்றிருக்கிறார். நடத்துநர், "எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்," என்று சொல்லியிருக்கிறார். வாய் சொன்னதை ஏற்றுக்கொள்வது இவருடைய வழக்கம் இல்லையாதலால், அதே கேள்வியை எட்டு நாட்கள் தொடர்ந்து கேட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் தொல்லை தாங்காமல் நடத்துநர் வந்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அதிலிருந்து அந்தப் பேருந்து, நிறுத்தமே இல்லாத மருத்துவமனை வாசலில் இவருக்காக நிற்கிறது என்று செவிலி சொன்னார். "இப்ப விசில் எப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன். "காது கிழியுது சார்," என்றார் செவிலி.

அவருக்கும் எனக்கும் உண்மையான பிணக்கு இருமல் விஷயத்தில்தான் ஏற்பட்டது.

மூச்சை ஆழமாக இழுத்தால் மட்டும் போதாது; இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, அதற்கும் மேலே பூவை மோந்து பார்ப்பது போல ஒரு சிறு இழுப்பு இழுத்து, பிறகு விட வேண்டும். அதன் பின் தலையணையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். தலையணை தையலைத் தாங்கிக்கொள்ளும். இருமல் அடியில் தேங்கிய சளியைக் கொண்டுவரும். இது அவருடைய முறை. முதல் மூன்று பகுதிகளை நான் ஏற்றேன். நான்காவதை ஏற்கவில்லை.

நான் பிறர் முன்னிலையில் இருமுகிறவன் அல்லன். என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவர் எதிரில்கூட இருமியதில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவேன். ஆகவே பிசியோ அம்மையார் இருமச் சொன்னபோதெல்லாம் தொண்டையைச் செருமிக் காட்டினேன்.

"இது செருமல். கூட்டத்துல பேசுறதுக்கு முன்னாடி செய்வாகல்ல, அது. தொண்டையில இருந்து வருது. எனக்கு அடியில இருந்து வேணும்."

"இவ்வளவுதாம்மா வரும்."

"கண்ணாடி போடுறீகள்ல? தொடைக்கையில என்ன செய்வீக?"

"ஹா என்று ஆவி விட்டுத் துடைப்பேன்."

"அந்த ஹாவ அடிவயித்துல இருந்து ரெண்டு விடுங்க. மூணாவது அதுவா இருமலாகும்."

நான் இரண்டு விட்டு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது தானாக வரும் என்று அவரே சொல்லியிருந்ததால் அதற்கு முன்பே வாயை மூடினேன்.

நான்காம் நாள் விருதுநகரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் உறவினர்கள் ஏழு பேர் ஆப்பிள் பைகளோடு கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் சாய்ந்து அமர்ந்து, சுருக்கமாகவும் தெளிவாகவும் என் அறுவை சிகிச்சையை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். கைகளைத் தேய்த்தார்.

"வந்தவுக எல்லாம் செத்த வெளிய இருங்க. ஐயா இப்ப இருமப் போறாரு."

என் மனைவியின் தம்பி, எழுபதை நெருங்கியும் வாய் அடங்காதவர், "அத்தான் இருமி நாங்க பாத்ததே இல்லையே தாயி. டிக்கெட் போட்டு உள்ள விடுறீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வெளியே போன பிறகும் நான் இருமவில்லை. இதற்குமேல் வற்புறுத்தினால் தலைமை மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் என் முதுகில் கட்டைவிரல்களை வைத்து, "வலது பக்கம் இன்னும் வரல. டாக்டர்கிட்டப் பேசையில அதையும் சேத்துச் சொல்லிருங்க," என்று சொல்லிவிட்டுத் திரையின் மறுபக்கம் போனார்.

மறுபக்கக் கட்டிலுக்கு நான் சேர்ந்த மறுநாளே ஒருவர் வந்திருந்தார். குடலில் ஓட்டை விழுந்து அவருக்கும் வயிற்றைத் திறந்து தைத்திருந்தார்கள். திரை சிறிது விலகியிருந்த நேரத்தில் என்னைப் பார்த்ததும் படுத்திருந்தவர் எழுந்திருக்க முயன்றார். என் மருந்து அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். "ஏலே, நீயா? படு, படு," என்றேன். தொழிற்சாலையில் நான் அப்படித்தான் அவரை அழைத்தேன். எழுத்தில் அவர் என்று குறிப்பிடுவதே முறை என்பதால் அவ்வாறு எழுதுகிறேன். "மேனேஜரய்யா, நல்லா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, அவருடைய மனைவியை நோக்கி, "ஏட்டி, சத்தமாப் பேசாத. அங்கிட்டு ஐயா இருக்காக," என்றார். அந்த மரியாதை எனக்கு மனநிறைவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை அந்தத் தொழிலாளிக்குக் காய்ச்சல் ஏறியது. விரலில் மாட்டியிருந்த கருவி காட்டிய ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் வந்து பார்த்து, இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதிகளும் மூடிக்கொண்டன, மாலைக்குள் சளி வெளியேறித் திறக்காவிட்டால் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைக்க வேண்டியிருக்கும், இந்த உடம்புக்கு அப்படிப் போனால் மீள்வது கடினம் என்று தொழிலாளியின் மனைவியிடம் சொன்னார். நான் திரைக்கு இப்பால் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

மருத்துவர் போனபின் பிசியோ அம்மையார் வந்தார். நண்பகல் தாண்டியும் திரைக்கு அப்பால் அவர் குரல் கேட்டபடி இருந்தது. இழுங்க, நிறுத்துங்க, மோந்து பாருங்க, இருமுங்க. ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லுக்குப் பிறகு இருமல் வரவில்லை. மூட்டைக்குள் எதையோ போட்டு அமுக்குவது போன்ற ஓர் ஓசை மட்டும் வந்தது.

"வலிக்கா அண்ணாச்சி?"

"வலி இல்ல தாயி. நல்லா இருக்கேன்."

"கண்ணுல தண்ணி ஓடுது, கழுத்து நரம்பு பொடைக்குது, இருமல் வெளிய வரமாட்டேங்குது. ஏன் வாயப் பொத்துறீக?"

அவர் மனைவிதான் பேசினார். "வீட்ல எல்லாம் ஊரு கேக்க இருமுற மனுசன் தாயி. இங்கன வந்ததுல இருந்து இப்படித்தான். இருமல் வந்தா அங்கிட்டுப் பாக்காக, வாயப் பொத்திக்கிடுதாக."

பிறகு திரையை விலக்கிக்கொண்டு பிசியோ அம்மையார் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஐயா, அவரு உங்க ஃபேக்டரி ஆளா?"

"ஆமாம். மருந்து ரூம்ல இருந்தான். நல்ல வேலைக்காரன்."

"அங்கன இருமக் கூடாதோ?"

நான் அவருக்கு அந்த விதியை முழுமையாக விளக்கினேன். மருந்து சலிக்கும்போது ஒருவன் இருமினால் கை குலுங்கும். கை குலுங்கினால் சல்லடை உரசும். உரசினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதியில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இருமல் உள்ளவருக்கு அன்று மருந்து அறையில் இடமில்லை. இதை அவரவர் சொல்லுக்கு விடாமல் நானே ஒரு முறையை ஏற்படுத்தியிருந்தேன். தினமும் காலையில் மருந்து அறை வாசலில் நான் நிற்பேன். ஒவ்வொருவரும் என் எதிரில் வந்து தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். குரலில் கபம் தெரிந்தால் "நீ போ" என்பேன். தெளிவாக இருந்தால் "உள்ள போ" என்பேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் மருந்து அறைக்குள் ஒருவரும் இருமி நான் கேட்டதில்லை.

அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"நல்ல சட்டம்தான்யா," என்றார். "எங்க அம்மையும் மருந்து ரூம்லதான் இருந்தா. வேற கம்பெனி. அங்கனயும் இருமக் கூடாது. இருமல் வந்தா முந்தானைய வாயில திணிச்சுக்கிடுவா."

"இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"ஒரு பந்து ஏறும்," என்றார். பிறகு, "இப்ப இவரப் பாப்போம். நீங்க போட்ட சட்டத்த நீங்கதான் எடுக்கணும். மூணு நாளா நான் சொல்லிப் பாத்துட்டேன், என் சொல்லு எடுபடல," என்றார்.

நான் உடனே குரல் கொடுத்தேன். "ஏலே, இங்கன இருமலாம்லே. நல்லா இருமு. நான் சொல்றேன்."

"சரிங்கய்யா," என்று பதில் வந்தது. அதைத் தொடர்ந்து மூட்டைக்குள் அமுக்கும் அதே ஓசை.

"பாத்தீகளா? சரின்னுட்டாரு. இருமல," என்றார் அவர்.

"நான் சொல்லிட்டேனேம்மா. இதுக்கு மேல என்ன செய்ய?"

"சொன்னா ஆகாதுய்யா. நீங்க இருமணும். அவரு பாக்க இருமணும்."

நான் மறுத்தேன். அது முறையில்லை என்றேன். என்னிடம் வேலை செய்த ஒருவர் எதிரில், தலையணையைக் கட்டிக்கொண்டு, எச்சில் குவளையைப் பிடித்துக்கொண்டு அமர்வது எனக்கு எப்படிப்பட்ட காரியம் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்றேன். வேண்டுமானால் உரக்கச் செருமிக் காட்டுவதாகச் சொன்னேன்.

"செருமலுக்கெல்லாம் அவரு ஏமாற மாட்டாரு. அம்புட்டு வருசம் இருமல அடக்கினவரு. நெசம் எது, நடிப்பு எதுன்னு நம்மளவிட அவருக்குத் தெரியும்." கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணு. டாக்டர் அஞ்சு மணிக்கு வருவாரு. உங்களுக்கும் வலது பக்கம் இன்னும் தொறக்கல. நான் வேற எதுவும் சொல்லல."

அவர் என்னைக் கெஞ்சவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. தலையணையை நீட்டியபடி நின்றார். திரைக்கு அப்பால் அந்த அமுக்கிய ஓசை மறுபடி கேட்டது. இம்முறை அது பாதியில் நின்றுபோய், தொழிலாளியின் மனைவி, "யய்யா, யய்யா," என்று பதறினார். நான் கையை நீட்டித் தலையணையை வாங்கிக்கொண்டேன்.

திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார். கால்களைத் தொங்கவிட்டு என்னைக் கட்டிலின் விளிம்பில் அமர்த்தினார். எதிர்க் கட்டிலில் அந்தத் தொழிலாளியும் அவ்வாறே அமர்த்தப்பட்டிருந்தார். அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்களை அவ்வாறான கோலத்தில் பார்க்கக் கூடாது என்ற மரியாதை அது.

"அண்ணாச்சி, நிமுந்து ஐயாவப் பாருங்க. ஐயா, தலகாணிய இறுக்கிப் பிடிங்க. வெள்ளத்துல போயிரும்னு பிடிக்கிற மாதிரி."

இழுத்தேன். நிறுத்தினேன். மோந்து பார்த்தேன். கண்ணாடி துடைப்பது போல ஒரு ஹா, இன்னொரு ஹா. மூன்றாவதை நான் தடுக்கவில்லை.

அதை விவரிப்பது என் போன்றவனுக்கு எளிதன்று. தையல் முழுவதும் பிரிந்துவிட்டது போன்ற வலி. மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. வாயிலிருந்து வந்த ஒலி என் குரலாக எனக்கே தோன்றவில்லை. ஒன்றை விட்டதும் அடுத்தது என் அனுமதியின்றி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கண்களில் நீர் வழிந்தது. குவளையில் விழுந்ததை நான் பார்க்க விரும்பவில்லை. அவர் எட்டிப் பார்த்து, "இதத்தான் அஞ்சு நாளாக் கேட்டேன்," என்றார்.

நான் நிமிர்ந்தபோது அந்தத் தொழிலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தியிருந்த கை மெல்லக் கீழே இறங்கித் தலையணையின் மேல் வந்தது. பிறகு அவர் இருமினார். முதலில் சிறியதாக, என்னை ஒரு கண்ணால் பார்த்தபடி. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டதும் பெரியதாக. பிசியோ அம்மையார் உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து அவர் முதுகின் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இருமல் நின்று, ஓய்ந்து, மறுபடி கிளம்பி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நடு நடுவே அவர் தளர்ந்தபோதெல்லாம், "ஐயா, நீங்க ஒண்ணு எடுத்துக் குடுங்க," என்று பிசியோ அம்மையார் என் பக்கம் திரும்புவார். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு மருத்துவர் வந்தார். விரல் கருவியின் எண்ணைப் பார்த்தார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார், இன்றிரவு இங்கேயே இருக்கட்டும் என்றார். தொழிலாளியின் மனைவி சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்துவிட்டார். தொழிலாளி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்கய்யா. ஐயா முன்னால இப்படி..." என்று தொடங்கினார். எனக்கும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிசியோ அம்மையார் என் பின்னால் வந்து நின்று முதுகில் கைகளை வைத்திருந்தார்.

"பேச்செல்லாம் பெறகு பேசிக்கிடலாம். இழுங்க," என்றார். இழுத்தேன். "வலது பக்கம் வந்துருச்சு."

அதன் பின்னான நாட்களில் திரையை எவரும் மூடவில்லை. ஒவ்வொரு மணிக்கும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து பத்து முறை உறிஞ்சினோம். எனக்கு இரண்டு பந்துகள் ஏறின. அவருக்கு இரண்டு ஏறி, மூன்றாவது துள்ளியது. "மேனேஜரு பின்தங்கிட்டாரு," என்று பிசியோ அம்மையார் போகிற போக்கில் சொல்லுவார். அந்நாட்களில் ஒருநாள்தான் அந்தத் தொழிலாளி எனக்கு ஒன்றைச் சொன்னார்.

"ஐயாகிட்ட ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. வாசல்ல வந்து ஐயா முன்னால நிக்கதுக்கு முந்தி சித்தரத்தைய மென்னுட்டு வருவோம். தொண்ட தெளிஞ்சு பேரு மணி மாதிரி வரும்."

"எத்தனை பேர்?"

"எல்லாருந்தான்யா. வேலை போயிருமேன்னு. உள்ள வந்த பெறகு இருமல் வந்தா, சல்லடையக் கீழ வச்சிட்டு, துண்ட வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருவோம். அம்புட்டு பத்திரமாத்தான் இருந்தோம்."

அந்த விதி தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அது இருந்ததனால்தான் அவர்கள் சல்லடையைக் கீழே வைத்தார்கள் என்று வாதிடவும் என்னால் முடியும். ஆனால் ஒருவரும் இருமி நான் கேட்டதில்லை என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவன் நான். கேட்டதில்லை என்பது மட்டும் உண்மை. இதைப் பிசியோ அம்மையாரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "நீங்க அவுக வாயக் கேட்டிருக்கீக, முதுகக் கேக்கல," என்றார்.

பதினோராம் நாள் எங்கள் இருவரையும் ஒன்றாகவே அனுப்பினார்கள். என் முதுகைப் பார்த்து முடித்துவிட்டு அவர் எதிர்க் கட்டிலுக்குப் போனார். நானும் விடைபெறுவதற்காக அங்கே போய் அந்தத் தொழிலாளியின் எதிரில் நின்றிருந்தேன். பிசியோ அம்மையார் கைகளைத் தேய்த்து அவர் முதுகில் விரித்து வைத்தார். நுரையீரல் திறந்திருக்கிறதா என்பதைப் பேச்சின் அதிர்வு உள்ளங்கையில் எப்படி வந்து சேருகிறது என்பதை வைத்தும் அறியலாமாம்.

"ஏதாச்சும் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"என்னத்தச் சொல்ல தாயி?"

"என்னத்தையாச்சும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கைகள் தாமாகவே பக்கவாட்டில் நேராயின. தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் உரக்கச் சொன்னார்.

குரல் தெளிவாக இருந்தது. கபம் இல்லை, கரகரப்பு இல்லை. வாசலில் நின்று ஆயிரம் முறை நான் கேட்ட அதே குரல். சொல்லிவிட்டு, என் வாயிலிருந்து வரவேண்டிய 'உள்ள போ' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு உள்ளங்கைகளும் என்ன சொல்கின்றன என்று, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.